ஈகையைத் தின்னும் சல்லடை

பழைய பயிற்சித் தாள்களை இணையத்தில் ஏற்றும் ஆசிரியர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை இது: முதலில் எச்டிஎம்எல் குப்பையைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு எழுத்துருவை மாற்றிக்கொள்ளலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், தமிழுக்கு இந்த வரிசை ஒத்துவராது.

பாமினியில் தட்டிய தாளை எடுத்துக்கொள்வோம். திரையில் தெரிவது தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில விசைகள். "அம்மா" என்பது நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியும். "ஈ" என்பது திறக்கும் கோண அடைப்பு. காற்புள்ளி என்பது மூடும் கோண அடைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆங்கில எழுத்து இருந்தால், சுத்திகரிக்கும் நிரல் அதை 'டேக்' என்றே நினைக்கும். தெரியாத டேக் என்றால் தூக்கி எறிந்துவிடும்.

இப்போது இல்லறவியலின் கடைசி மூன்று அதிகாரங்களை அப்படியே ஒட்டிப் பாருங்கள்: ஒப்புரவறிதல், ஈகை, புகழ். சுத்தம் செய்து, யூனிகோடுக்கு மாற்றினால் வருவது: ஒப்புரவறிதல், புகழ். ஈகையைக் காணோம்! வாக்கியம் உடையவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அதுதான் ஆபத்து. எழுத்து சிதைந்திருந்தால் மாணவரே கேட்டிருப்பார். இதை யார் கேட்பது?

எழுத்துருவின் பெயரைச் சொல்லும் டேக்கையும் முதலிலேயே நீக்கிவிட்டால், இது பாமினியா, வேறொன்றா என்பதும் தெரியாமல் போகும். வரி முறிக்கும் டேக் போனால், நாற்சீரும் முச்சீருமாக நிற்க வேண்டிய குறள் ஒரே வரியாகிவிடும். அப்புறம் அடியை எப்படிக் கற்பிப்பது?

அப்படியானால், எல்லா மாற்றத்தையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. சுத்திகரித்த பிறகு ஓடும் நிரல், சாதாரண எழுத்தாக அடக்கி வைத்த கோண அடைப்புகளை மீண்டும் உயிர்ப்பித்துவிட்டால், தடுத்த ஸ்கிரிப்ட் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடும் வீடுகளில் கேளுங்கள். மாவைப் பிசையும் முன் சலிப்பார்கள். பொரித்த பின் எண்ணெய் வடிப்பார்கள். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

ஆகவே, முதலில் எழுத்துருவைக் கண்டறிந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். அடுத்து, வரிமுறிவை அனுமதித்துச் சுத்திகரியுங்கள். இறுதியில் எதையும் மாற்றாமல் சரிபார்த்தால் போதும்: "ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கிறதா, மூலத்தில் இருந்த சொற்கள் அத்தனையும் வந்தனவா என்று. கடைசிக் கேள்விக்கு நிரல் போதாது. மூலத் தாளைப் பக்கத்தில் வைத்து, ஆசிரியர் கண்ணால் ஒருமுறை படித்தே ஆக வேண்டும்.