தகடூர் யாத்திரையும் நம் அடிக்குறிப்புகளும்

ஆய்வேட்டைத் திருத்த அமரும் ஆசிரியர் பலர் முதலில் புரட்டுவது அதன் இறுதிப் பக்கங்களையே. மாணவர் எவற்றைப் படித்தார், எவற்றைப் படித்ததாகக் காட்டிக்கொள்கிறார் என்பது நூற்பட்டியலில் வெளிப்பட்டுவிடும். ஆயினும் நம் மாணவருள் பெரும்பாலோர் அடிக்குறிப்பையும் நூற்பட்டியலையும் வெறும் சடங்காகவே கருதுகின்றனர். காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதோடு அவர்கள் கவலை முடிந்துவிடுகிறது. இச்சடங்கின் உட்பொருள் யாது என்பதைத் தருமபுரி மண்ணைப் பாடிய ஒரு நூலின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மரபினர் ஆண்ட ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதனை முற்றுகையிட்டு வென்ற போரைப் பொருளாகக் கொண்டெழுந்த நூல் தகடூர் யாத்திரை. அந்நூல் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனால் அதன் பாடல்களுள் 40-க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவற்றை நமக்குக் காத்துத் தந்தது முதன்மையாகப் புறத்திரட்டு என்னும் தொகைநூல். பெயர் அறியப்படாத ஒருவர், பல நூல்களிலிருந்து பாடல்களைத் தெரிந்தெடுத்து, திருக்குறளின் அதிகார முறையைத் தழுவி அதனைத் தொகுத்தார். ஒவ்வொரு பாடலும் எந்நூலைச் சார்ந்தது என்னும் குறிப்பும் அதில் இடம்பெற்றது. அச்சிறு குறிப்பே தகடூர் யாத்திரைக்கும் முத்தொள்ளாயிரத்துக்கும் ஆசிரிய மாலைக்கும் மறுவாழ்வு அளித்தது. 1938-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை அதனைப் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

புறத்திரட்டிலும் குறையுண்டு. நூலின் பெயரைத் தருகிறதேயன்றிப் பாடியவர் பெயரையோ, அப்பாடல் மூலநூலில் நின்ற இடத்தையோ தருவதில்லை. ஆதலால் தகடூர்ப் போரின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்த இயலாமல் அறிஞர் இடர்ப்படுகின்றனர். அரைகுறையான குறிப்பு நூலின் உயிரைக் காத்தது. ஆனால் அதன் உருவத்தைக் காக்கவில்லை.

இதற்கு மாறான வழக்கமும் நம் மரபில் உண்டு. பழைய உரையாசிரியர் பலர் மேற்கோளைக் காட்டிவிட்டுப் பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் நின்றுவிடுவர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்களின் மூலத்தைத் தேடி எவ்வளவு அலைந்தார் என்பதைத் தம் வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். உரையாசிரியரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. மாணாக்கர் நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த காலத்தில் பெயர் சொல்லும் தேவை எழவில்லை. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரும் 2:6-இல் எட்டாம் சங்கீதத்தை, யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் சொன்னதாகவே குறிக்கிறார். கேட்டோர் அதனை அறிந்திருந்தனர். நம் வாசகருக்கு அந்நினைவாற்றல் இல்லை. ஆகவே நமக்கு அச்சலுகையும் இல்லை.

திருமறையே இவ்வுண்மைக்குச் சான்று. கர்த்தருடைய யுத்த புஸ்தகம் என ஒன்று இருந்ததை எண்ணாகமம் 21:14-ஆலும், யாசேரின் புஸ்தகம் இருந்ததை யோசுவா 10:13, 2 சாமுவேல் 1:18 ஆகிய இடங்களாலும் அறிகிறோம். அவ்விரண்டும் மறைந்தன, மேற்கோள் காட்டியவர் பெயரைச் சொன்னதால் மட்டுமே அவை இருந்தமை தெரிகிறது.

இனி நம் ஏடுகளுக்கு வருவோம். முதற்குறை பெயரைப் பற்றியது. குடும்பப் பெயரை முதலில் எழுதுக என்னும் மேனாட்டு விதியை நாம் ஆராயாமல் கையாளுகிறோம். தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. பெயரின் இறுதிச்சொல்லைப் பிரித்து முன்வைத்தால் வையாபுரியாரும், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் தந்த கிருஷ்ண பிள்ளையும் 'பிள்ளை' என்ற தலைப்பின்கீழ் வந்து நிற்பர். சாமிநாதையர் 'ஐயர்' ஆவார். கணிப்பொறி தானே அமைக்கும் பட்டியல்களிலும் இது நேர்கிறது. சாதிப் பட்டத்தை ஒருவருடைய அடையாளத்தின் தலையில் ஏற்றும் பட்டியல், சாதியை மறுக்கும் திருச்சபையின் கல்லூரிக்கு ஏற்றதாகுமா? ஒருவர் எப்பெயரால் அழைக்கப்பட்டாரோ அப்பெயரை முதலில் எழுதி முதலெழுத்துகளைப் பின்னே தருவதே முறை.

இரண்டாங்குறை வேதமொழிபெயர்ப்பைக் குறிக்காமை. ஹென்றி பவர் முதலானோரின் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதலும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியமும் ஒரே வசனத்தை வெவ்வேறு சொற்களால் தருகின்றன. ஒரு சொல்லின்மீது வாதத்தைக் கட்டும் மாணவர், அச்சொல் எப்பதிப்பிற்குரியது என்று கூறாவிடில் அவ்வாதம் மணலின்மேல் கட்டிய வீடே.

மூன்றாங்குறை மிகப் பெரிது. அதில் யானும் பங்காளி. மாணவனாயிருந்தபோது பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அங்கு முதலில் திருமுழுக்குப் பெற்ற குடும்பங்களின் வரலாற்றை ஒரு மூதாட்டியிடம் கேட்டெழுதினேன். ஊர்ப்பொதுக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டதும், அவர்கள் பாறைக்குழியில் நீர் தேடியதும் அவர் வாய்மொழியாலேயே எனக்குத் தெரிந்தன. என் ஆய்வேட்டில் மிஷனெரி அறிக்கைக்கு ஆண்டும் பக்க எண்ணும் தந்தேன். அம்மூதாட்டிக்கு, "முதியவர் ஒருவர் கூறியது" என்று எழுதி முடித்தேன். பல்லாண்டுகள் கழித்து அச்சபையார் தங்கள் வரலாற்றை எழுத முற்பட்டபோது ஒரு பெண் என்னிடம் வந்து, "ஐயா, இதைச் சொன்னது எங்க பாட்டியா?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர் சான்றாளராகவும், தமிழில் பேசியவர் செய்தியாகவும் என் ஏட்டில் நின்றதை அன்றுதான் உணர்ந்தேன்.

வாய்மொழிச் சான்றுக்கும் பெயர், ஊர், நாள், கேட்டவர் ஆகிய நான்கும் வேண்டும். பெயரை வெளியிடுவதால் சொன்னவருக்குத் தீங்கு நேருமாயின் ஏட்டில் அதனை மறைக்கலாம். ஆனால் கல்லூரியின் கோப்பில் அது இருத்தல் வேண்டும். வெளியிட அவருடைய இசைவைப் பெறுதலும் கடமை. இவை நிறைவேறியபின் காற்புள்ளியைப் பற்றிக் கவலைப்படுவோம்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல உள்ளன. எழுத்துடைய நடுகற்களிலே அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஆநிரை மீட்டு விழுந்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் யாது என்பன சில வரிகளில் அடங்கியிருக்கக் காணலாம். இதைவிடச் செறிவான அடிக்குறிப்பு வேறில்லை. மாடு மீட்டு மாண்டவனின் பெயரைக் கல்லில் வெட்டிய மண்ணிலே, நமக்குச் சாட்சி பகர்ந்தவளின் பெயரைத் தாளில் எழுத இடமில்லை என்று நாம் கூறலாகாது.