பெருமாள் கோயிலிலிருந்து மூணு கிலோமீட்டர்

விண்டோஸ் கவிழும்போது விட்டுச்செல்லும் டம்ப் கோப்பைப் படிப்பது தனி சுகம் என்றால் நண்பர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். 'அதெல்லாம் கெர்னல் ஆட்கள் சமாச்சாரம்' என்று நழுவுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. துப்பறியும் நாவலை நடுராத்திரி வரை கீழே வைக்காதவருக்கு இதைப் படிக்க என்ன கேடு?

அடிப்படை இவ்வளவுதான். விண்டிபக் என்னும் டீபக்கர் இலவசம். டம்ப், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். திறந்து சிம்ஃபிக்ஸ், ரீலோட், அனலைஸ் என மூன்று கட்டளை கொடுங்கள். போதும்.

அனலைஸ் ஒரு டிரைவரின் பெயரைச் சொல்லும். 'அநேகமாக இதுதான் காரணம்' என்றுதான் அதற்குப் பொருள். அந்த 'அநேகமாக'வை விழுங்கிவிட்டுத் தீர்ப்பு எழுதுவோர் ஏராளம். ஸ்டாக்கை, அதாவது கவிழ்ந்தபோது ஒன்றையொன்று அழைத்திருந்த ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியலை, அப்படியே ஏஐயிடம் ஒட்டுவது இப்போதைய மோஸ்தர். பொய்ப்பெயரைக் கொடுத்தால் அது பொய்க்கே வியாக்கியானம் எழுதித் தரும்.

பொய்ப்பெயரா? ஆம், அதற்குத்தான் வருகிறேன். எல்எம் என்று அடியுங்கள். ஏற்றப்பட்ட ஒவ்வொரு நிரல் கோப்புக்கும், அதாவது மாட்யூலுக்கும், எதிரே அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். 'டெஃபர்ட்' என்றால் இன்னும் தேவைப்படவில்லை, அவ்வளவே, பதறாதீர்கள். 'பிடிபி சிம்பல்ஸ்' என்றால், முகவரிகளுக்குரிய பெயர்களை (சிம்பல்களை) வைத்திருக்கும் பிடிபி கோப்பு கிடைத்துவிட்டது, நிம்மதி. 'எக்ஸ்போர்ட் சிம்பல்ஸ்' என்றால் அங்கேயே நில்லுங்கள்.

சிம்பல் அறவே இல்லையென்றால் டீபக்கர் மாட்யூல் பெயரையும் ஒரு எண்ணையும் மட்டும் காட்டும். 'தெரியாது' என்று நேர்மையாகக் கைவிரிப்பது அது. எக்ஸ்போர்ட் அப்படியல்ல. வெளியே தெரியும் சில பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதைச் சொல்லிவிடும். வழி கேட்டால் 'பெருமாள் கோயிலிலிருந்து மூணு கிலோமீட்டர்' என்பாரே, அவரைப்போல. மூணு கிலோமீட்டர் தள்ளி இருப்பது கோயில் தெருவா? பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியோடு வரும் எண் பூதமாக இருந்தால் பெயரை நம்பாதீர்கள். இதில் இன்னொரு நுட்பம்: 64 பிட் விண்டோஸில் ஸ்டாக்கை ஏறிவர பிடிபி தேவையில்லை, அதற்கான விவரம் நிரல் கோப்பிலேயே உண்டு. அதனால் வரிசை சரியாக இருக்கும், பெயர்கள் மட்டும் தப்பாக இருக்கும். இதைவிட நம்பும்படியான பொய் உண்டா? பிடிபி ஏன் கிடைக்கவில்லை என்று அறிய 'சிம் நாய்ஸி' போட்டு ரீலோட் செய்யுங்கள். எங்கெங்கே தேடித் தோற்றது என்று புலம்பித் தீர்க்கும். பொருந்தாத பிடிபியை வம்படியாக ஏற்றவும் வழி உண்டு. அது ஜாதகத்தைத் திருத்திக் கல்யாணம் செய்வது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணிப்பில், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் கவிழ்ந்தன. டம்ப்பில் அந்த நிறுவனத்தின் டிரைவருக்கு நேராக நின்றது நேர்மையான 'தெரியாது'தான். இணையப் பண்டிதர்களோ அவசரப்பட்டு 'நல் (null) பாயிண்டர்' என்று முடித்துவிட்டார்கள். 20 மதிப்புகளே தரப்பட்ட இடத்தில் நிரல் 21-வதைத் தேடி எல்லை தாண்டிப் படித்தது என்று பின்னர் அந்த நிறுவனத்தின் அறிக்கை சொன்னது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஒருமுறை சக ஊழியர் எழுதிய டிரைவர்தான் குற்றவாளி என்று நானே எல்லாருக்கும் மெயில் தட்டினேன். மறுநாள் காலை எல்எம் அடித்துப் பார்த்தேன்: 'எக்ஸ்போர்ட்'. அவர் ஒன்றும் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் முதலில் படிப்பது அந்த அடைப்புக்குறியைத்தான்.