குகைக்குள் எவ்வளவு வெளிச்சம்?

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் நண்பகலில் போய், பக்கச் சுவரும் தூணும் வெளிப்புறமும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி படம் எடுக்க முயன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். வெளியே பாறை வெயிலில் தகிக்கிறது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் அதற்கு 1/400 விநாடி போதும். அதே கணக்கில், உள்ளே பாம்பணைமேல் கிடக்கும் பெருமாளுக்கு அரை விநாடிக்குமேல் வேண்டியிருந்தது. வெயிலுக்கு வைத்தால் பெருமாள் கரி. பெருமாளுக்கு வைத்தால் வெளியே வெறும் வெள்ளைத் தாள்.

இதற்கு எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) சொல்லும் வழி எளிது. ஒரே படத்தில் அடங்காததைப் பல படங்களில் எடு, பிறகு சேர். நான் போன அன்று முக்காலிக்கு முன்அனுமதி வாங்கியிருக்கவில்லை. தோள்பையைத் தரையில் வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி, 2 விநாடி டைமர் போட்டு, 2 ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் எடுத்தேன்: 1/400, 1/100, 1/25, 1/6, 0.6 விநாடி. மாறுவது ஷட்டர் மட்டும். அப்பர்ச்சரைத் தொட்டால் எது கூர்மை, எது மங்கல் என்பது படத்துக்குப் படம் மாறி, சேர்க்கும்போது காலை வாரிவிடும்.

இதுவரை செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது அளவெடுப்பு. எச்டிஆரைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் இந்த அளவெடுப்பையும் அதற்குப் பிறகு கணினியில் நடப்பதையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஆசை பழையது. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லு கிரே கடலைப் படமெடுத்தபோது, அந்தக் காலத்து கொலோடியன் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இளகியது. கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்தது. அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானத்தில் ஒட்டி ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டத்தை வேறுவேறு கடல்களின் மேலும் மிதக்கவிட்டிருக்கிறார். ஆக, சேர்ப்பதும் ஏமாற்றுவதும் அப்போதே ஒரு கூரையின்கீழ்தான் இருந்தன.

இன்றைய எச்டிஆரின் அடித்தளங்களில் ஒன்றான, 1997-இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்கு அழகான படம் எடுப்பது குறிக்கோளே அல்ல. பல எக்ஸ்போஷர்களை ஒப்பிட்டு, கேமரா ஒளியை எண்ணாக மாற்றும்போது எப்படி வளைக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இருந்த ஒளியின் விகிதத்தை மீட்பதே அவர்கள் செய்தது. கணினியில் வரைந்த பொருளை நிஜமான இடத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்ட அது உதவியது. பிறந்தபோது எச்டிஆர் ஒரு அளவுகோல்.

சிக்கல், அளந்ததைத் தாளில் இறக்கும்போது தொடங்குகிறது. நல்ல அச்சுத்தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நூறு மடங்கு. காட்சியிலோ அது ஆயிரக்கணக்கான மடங்கு. மரக்கால் நெல்லை ஆழாக்கில் அடைக்கும் இந்த வேலைக்கு டோன் மேப்பிங் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே சீராக அமுக்கினால் படம் சாம்பலாகிவிடும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, இருண்ட பகுதியைத் தூக்குகிறது, வெளுத்த பகுதியை இறக்குகிறது. கறுத்த தூணும் பளீர் வானமும் ஒட்டி நிற்கும் இடத்தில் இந்த அக்கம்பக்கக் கணக்கு குழம்புகிறது. தூணைச் சுற்றி ஒளிவட்டம் முளைக்கிறது. ஹேலோ என்பது இதைத்தான். விளிம்பு எங்கே என்று பார்த்து நடந்துகொள்ளும் முறைகள் 2002-லேயே வந்துவிட்டன. ஆனாலும் ஃபோட்டோமேட்டிக்ஸ் போன்ற மென்பொருள்கள் பரவிய காலத்தில் ஸ்லைடரை வலதுகோடிவரை இழுப்பதுதான் எச்டிஆர் என்று ஆகிப்போனது. வானம் ஊதா, புல் பச்சை மை, துருப்பிடித்த லாரிக்குக்கூடத் தங்க ஜரிகை. நானும் இழுத்தவன்தான்.

அப்போது நாங்கள் சொன்ன சமாதானம்: “கண்ணு இப்படித்தான் பார்க்குது.” பாதி உண்மை. குகைக்குள் நிற்பவருக்கு வெயிலும் தெரிகிறது, பெருமாளும் தெரிகிறார். ஆனால் ஒரே கணத்தில் அல்ல. வெளியே பார்த்துவிட்டு உள்ளே திரும்பினால் கொஞ்ச நேரம் ஒன்றும் புலப்படாது. பிறகு திருமுடி, தோள், பாம்பின் சுருள் என்று ஒவ்வொன்றாக எழும். கண் தவணை முறையில் வாங்குவதை டோன் மேப்பிங் ஒரே நாளில் கடை பரப்பிவிடுகிறது. அதுதான் அந்தப் படங்களில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைவதற்குக் காரணம்.

சிற்பத்தில் இந்தக் குறை இன்னும் கொடியது. எதிர்ச்சுவரில் சிங்கத்தின்மேல் வில்லோடு துர்க்கை முன்னேறுகிறாள். எருமைத்தலை அசுரன் கதாயுதத்தைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். அந்தச் சாய்வை நமக்குச் சொல்வது கல் மட்டும் அல்ல, அவன் உடலுக்கும் சுவருக்கும் இடையே கிடக்கும் நிழலும்தான். உளி எவ்வளவு ஆழம் போயிற்று என்பதை நிழல்தான் காட்டும். நான் தூக்கித் தூக்கி வெளுக்கவைத்த படத்தைப் பார்த்த ஒரு சிற்பி நண்பர், “என்ன சார், சிமெண்ட் பொம்மை மாதிரி இருக்கு? எங்க ஆழமா வெட்டியிருக்கான்னே தெரியலையே” என்றார். நான்கு வருடப் பெருமை நாற்பது நொடியில் போனது.

இன்னொன்று, ஐந்து படம் எடுக்க வேண்டிய அவசியமே பல இடங்களில் இல்லை. இன்றைய நல்ல ஃபுல் ஃபிரேம் சென்சார், குறைந்த ஐஎஸ்ஓ-வில், சுமார் 14 ஸ்டாப் வரை தாங்கும். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால் இது 16 ஆயிரம் மடங்குக்குமேல். வெயில் வெளுக்காமல் ஒரே ரா கோப்பு எடுத்து, நிழலைப் பிறகு தூக்கினாலே பாதி வேலை முடியும். ஆளில்லாத அறை, அசையாத கட்டடம் என்றால் பிராக்கெட் செய்யலாம், அதாவது இப்படி வேறுவேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுக்கலாம். காற்றில் ஆடும் தென்னை, நடமாடும் கூட்டம் என்றால் வம்பு. என் ஐந்து படங்களுக்கு நடுவே சிவப்புப் புடவை கட்டிய ஓர் அம்மா மண்டபத்தைக் கடந்து போனார். சேர்த்த படத்தில் அவர் மூன்று இடத்தில், மூன்றிலும் பாதியாக நின்றார்.

கைபேசி இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்த்தது. கூகுளின் எச்டிஆர் பிளஸ் முறை, ஆரம்பத்தில் வேறுவேறு எக்ஸ்போஷர் எடுக்காமல், எல்லாவற்றையும் ஒரே மாதிரி வேண்டுமென்றே குறைவாக எடுத்தது. வெளிச்சம் வெளுக்காது. இருட்டில் வரும் இரைச்சலைப் போக்கப் பல படங்களைப் பொருத்திச் சராசரி எடுப்பார்கள். ஒன்பது படம் சேர்ந்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். அசைந்த பகுதியைச் சேர்க்காமல் விட்டுவிடலாம். இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் எவ்வளவு நிழல் மிச்சமிருக்க வேண்டும் என்கிற முடிவும் இதோடு கைமாறிவிட்டது. மாலை நேரத்து முற்றத்தில் எடுத்தாலும் மதியம்போல் வருகிறது. கல்யாண வீட்டில் மாநிற முகங்களைச் சில கைபேசிகள் சாம்பல் பூசியதுபோல் தூக்கிவைப்பதை நானே பார்த்திருக்கிறேன். பட்டின் ஜரிகை தப்பித்தது, மணப்பெண்ணின் நிறம் தப்பவில்லை.

2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் போன்ற வடிவங்கள் அமுக்காமலே காட்டப் பார்க்கின்றன. திரையே கூடுதலாக ஒளிர்கிறது. திரைக்கு நல்லதுதான். சுவரில் மாட்டும் அச்சுக்கு அதனால் பயனில்லை.

மாமல்லபுரத்து ஐந்து கோப்புகளை இப்போது மறுபடி சேர்த்தேன். தானியங்கிப் பொத்தானைத் தொடவில்லை. வெளிப்பாறை வெளுக்காமல் இறக்கி, பெருமாளின் முகமும் மார்பும் மட்டும் எழும்படி தூரிகையால் கொஞ்சம் தூக்கி, காலடியில் மது, கைடபர் என்ற அசுரர் இருவரும் நிற்கும் மூலையை அப்படியே விட்டேன். ஐந்தாவது கோப்பில் அவர்கள் பட்டப்பகல்போல் தெரிகிறார்கள். அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்த மாமா காப்பி டம்ளரோடு படத்தருகே போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார். “ஏம்ப்பா, இங்க ரெண்டு பேர் நிக்கிறாங்களா?”