தேய்வதற்கென்றே பிறந்த இரும்பு

ஜப்பானியத் தச்சர்களின் இழைப்புளிக்குக் கன்னா என்று பெயர். முதல் பார்வையில் மெச்ச எதுவும் தெரியாது. ஓக் மரக் கட்டை ஒன்று, அதில் சாய்வாகக் குடைந்த வாய், வாயில் செருகிய இரும்பலகு, அலகை அணைத்தபடி ஒரு சின்னத் தகடு, தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. திருகு கிடையாது, கைப்பிடியும் கிடையாது. நம் ஊர் ஆசாரி இழைப்புளியை முன்னே தள்ளுவார். அங்கே தம் பக்கம் இழுப்பார்கள். பித்தளையும் ரோஸ்வுட்டும் பளபளக்கும் பழைய ஆங்கிலேய இழைப்புளிகளும் அழகானவைதான். ஆனாலும் நான் முதலிடம் கொடுப்பது கன்னாவுக்கே. காரணம் அந்த அலகு.

அதில் இரண்டு இரும்புகள் இருக்கின்றன. வெட்டும் பக்கத்தில் மெல்லிய எஃகு. அதன் முதுகில் கனமான மெல்லிரும்பு. இரண்டையும் உலையில் பழுக்கவைத்து, நடுவே வெண்காரமும் இரும்புத்தூளும் தூவி, அடித்தே ஒட்டுகிறார் கொல்லர். சூடு கூடினால் எஃகிலுள்ள கரி எரிந்துபோகும், குறைந்தால் பிடிக்காது. பிறகு சேறு பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். அப்போது பட்டறையை இருட்டாக்கிக்கொள்வது வழக்கம். சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தானே பதம் சொல்ல வேண்டும்!

முழுவதும் எஃகாகவே அடித்தால் என்ன என்று கேட்கலாம். அவ்வளவு கடினமான எஃகைக் கல்லில் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். மெல்லிரும்பு எளிதில் தேய்ந்து கொடுக்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். அதற்காகப் பழைய நங்கூரம், சங்கிலி, பாலத்துச் சட்டம் என்று தேடிப்பிடித்து வாங்குவார்கள். பழைய முறையில் செய்த அந்த இரும்பில் கரி மிகக் குறைவு; கசடு மெல்லிய வரிகளாக ஓடும். தீட்டி முடித்த அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மெல்லிரும்பு மரத்தின் ரேகை போன்ற வரிகளோடு மங்கலாகக் கிடக்கும். எஃகு பளீரென்று மின்னும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. நல்ல கொல்லரின் வேலையென்றால் அது ஓரத்திலிருந்து ஓரம்வரை பிசிறின்றிப் போகும். விவரம் தெரிந்தவர்களின் கண் முதலில் அந்தக் கோட்டில்தான் விழும்.

அலகைத் திருப்பினால் எஃகுப் பக்கம். நடுவில் லேசாகப் பள்ளம் விட்டிருக்கும். முழுப் பரப்பையும் சமன்செய்யாமல் விளிம்பை மட்டும் கல்லில் தேய்த்தால் போதும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் தீட்டத் தீட்ட முனை பின்வாங்கி, ஒருநாள் பள்ளத்தை எட்டிவிடும். அப்போது தச்சர் அலகை அடைகல்லின் விளிம்பில் வைத்து, சாய்வுப் பக்கத்து மெல்லிரும்பைச் சுத்தியல் முனையால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். எதிர்ப்பக்கத்தில் எஃகு இம்மியளவு பிதுங்கும். அதைக் கல்லில் தேய்த்தால் புது விளிம்பு கிடைத்துவிடும். ஓர் அடி தவறி எஃகில் விழுந்தால் விரிசல் விடும். இப்படித் தட்டியும் தீட்டியும் வருஷக்கணக்கில் அலகு குட்டையாகிக்கொண்டே வரும். தான் அடித்த அலகு தேய்ந்தே தீரும் என்று தெரிந்துதான், எப்போதோ ஒருநாள் யாரோ ஒருவர் தட்டப்போகும் அடிக்கும் சேர்த்துக் கொல்லர் அதைத் தயார்செய்கிறார். இதைவிடப் பெரிய தொழில் மரியாதை எனக்குத் தெரியவில்லை.

கட்டை செய்பவர் தனி. அலகு தலைப்பக்கம் தடித்து முனைப்பக்கம் மெலிந்திருப்பதால் அதுவே ஆப்பு. இரண்டு பக்கக் காடியிலும் இறுகி நிற்கும். சீவல் தடிக்க வேண்டுமானால் அலகின் தலையில் ஒரு தட்டு, மெலிய வேண்டுமானால் கட்டையின் விளிம்பில் ஒரு தட்டு. அடிப்பரப்பு தட்டையாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மெருகு வேலைக்கான கன்னாவிலோ முன்முனையும் வாயை ஒட்டிய இடமும் மட்டுமே மரத்தில் படும். இடைப்பட்ட பகுதியைத் துளியளவு சுரண்டி எடுத்திருப்பார்கள். பருவம் மாறினால் கட்டை கோணும், திரும்பவும் சுரண்ட வேண்டும்.

கன்னா அலகு என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் சியோசுரு கொரேஹிதே. வாள் கொல்லர் குடும்பத்தில் 1874இல் பிறந்தவர். 1876இல் வாள் அணிந்து நடமாடத் தடை வந்தது. வாள் அடித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு வேலை போனது. அவர் உளிக்கும் இழைப்புளிக்கும் வந்து, 1957இல் மறையும்வரை அதிலேயே பேர்பெற்றார். வாளுக்கான உள்நாட்டு எஃகை விட்டு, இங்கிலாந்திலிருந்து வந்த எஃகை விரும்பி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மரபு அவர் கையில் இருந்தது. இரும்பு எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன? தன் அலகுகளுக்குக் கவிதை போலப் பெயரும் சூட்டினார். இன்று அவை சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் பெருவிலையோடு உறங்குகின்றன. எனக்கு அதில் சம்மதமில்லை. அலகின் பதம் மரத்தில் ஓடும்போதுதான் தெரியும்.

இன்றைய கொல்லர்கள் பெரும்பாலும் யசுகி எஃகில் வேலை செய்கிறார்கள். அதில் வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று இரண்டு வகை பிரபலம். வெள்ளை தூய கரி எஃகு, தீட்டச் சுலபம். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்திருப்பதால் கூர் நின்று உழைக்கும். 1997இல் தொடங்கிய கெஸுரோகாய் என்ற தச்சர் அமைப்பின் கூடல்களில் யார் மெல்லிய சீவல் எடுப்பது என்று போட்டியே நடக்கிறது. 10 மைக்ரானுக்கும் கீழே சீவுகிறார்கள். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. சீவிய மரத்துக்கு உப்புத்தாள் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம், தானே மினுங்கும்.

இந்தக் கட்டை வடிவம்கூட ஜப்பானில் பிற்காலத்தில் வந்ததுதான். 7ஆம் நூற்றாண்டில் ஹோர்யூஜி கோயிலை எழுப்பியவர்கள், ஈட்டி போன்ற யாரிகன்னாவால் தூண்களைச் சீவினார்கள். வழக்கொழிந்த அந்தக் கருவியை, பழைய மரங்களில் பதிந்திருந்த தடத்தைப் படித்து மீட்டெடுத்தவர் கோயில் தச்சர் நிஷியோகா சுனேகசு (1908–1995). யாகுஷிஜி கோயிலை மீண்டும் கட்டியபோது அதைக் கையிலும் எடுத்தார். கருவியின் அருமையை இவர் அளவுக்கு உணர்ந்தவர்கள் சிலரே.

ஜப்பான் போகிறவர்கள் கியோட்டோ கோயில்களோடு திரும்பிவிடாமல், கோபே நகரத்தின் தகேனகா தச்சுக்கருவி அருங்காட்சியகத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1984இல் தொடங்கிய அதில் 30,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஷின்-கோபே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை.