உபதேசியாருக்கு யார் உபதேசம்?

சேலையூரில் எங்கள் வீட்டு சீலிங் ஃபேன் மாட்ட வந்தவர், கூலியை வாங்கிக்கொண்டு, "சண்டே மட்டும் கூப்பிடாதீங்க சார், சபை இருக்கு" என்றார். முடிச்சூர் பக்கம் ஷீட் போட்ட ஹாலில் நாற்பது பேருக்கு அவர்தான் பாஸ்டர். "எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். "ஒயரிங்கா, வேதமா?" என்று திருப்பிக் கேட்டார். ஒயரிங்குக்கு ஐ.டி.ஐ. சர்டிபிகேட். வேதத்துக்கு, ஒரு பெரியவரோடு இரண்டு வருஷம் கூடமாட இருந்தது. அவ்வளவுதான்.

சிரிக்கிற சமாசாரமில்லை. பெண்ணுக்கு வரன் பார்ப்பதிலிருந்து ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்பது வரை அந்த நாற்பது பேரும் இவரைத்தான் கேட்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயம் உலகத்துக்கே சொல்லப்பட்ட இடம் தாம்பரம். 1938 டிசம்பர். கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடிவந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சீனாவில் நடக்கவேண்டிய சர்வதேச மிஷனரி மாநாடு, ஜப்பான் படையெடுப்பால் இங்கே வந்து சேர்ந்தது. சுமார் 70 நாடுகள், 470 பிரதிநிதிகள். மாநாடு என்றாலே எல்லோரும் எழுதுவது, பிற மதங்களைப் பற்றி ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் கிளப்பிய சர்ச்சையைத்தான். நம்மூர் சக்கரைச் செட்டியாரும் நண்பர்களும் பதிலுக்குப் புத்தகமே போட்டார்கள். நல்ல சண்டை. ஆனால் போதகர் பயிற்சிதான் மொத்த ஊழியத்திலும் மிகப் பலவீனமான இடங்களில் ஒன்று என்றும் அதே மாநாடு சொன்னது. அதில் சண்டை இல்லை. ஆகவே சுவாரஸ்யமும் இல்லை.

அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்த சார்லஸ் ரான்சன் என்ற மெதடிஸ்ட் மிஷனரி இந்திய நிலவரத்தை ஆராய்ந்து 1940களில் அறிக்கை எழுதினார். 1958-ல் கானாவில் 40 லட்சம் டாலரில் இறையியல் கல்விக்கு ஒரு நிதி பிறந்தது. பாதி ராக்ஃபெல்லர் பணம். முதல் டைரக்டர் அதே ரான்சன். பணம் எங்கே போயிற்று? பி.காம். படித்தவன் புத்தி, முதலில் அதைத்தான் பார்க்கும். பெரும்பகுதி கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் பாடநூல்களுக்கும்! முடிச்சூர்க்காரருக்கு அதில் பைசா கிடையாது.

இத்தனைக்கும் நம்மிடம் உபதேசியார் இருந்தார். வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறன்று ஆராதனை, நடுராத்திரியில் சாவு வீடு, எல்லாம் அவர்தான். ஐயர் எப்போதாவது வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். (போதகரை 'ஐயர்' என்பார்கள். மாம்பலத்திலிருந்து வந்த எனக்கு இது பழகக் கொஞ்ச நாளாயிற்று!) வேலை இவருக்கு, அதிகாரம் அவருக்கு. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பான அசரியா, தோர்ணக்கல்லில் கிராம ஊழியர்களை மனைவியோடு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். கெட்டிக்காரர். பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லப்போவது அந்த அம்மாவிடம்தானே?

1963-ல் குவாத்தமாலாவில் ஒரு செமினரி வழக்கத்தைத் தலைகீழாக்கியது. மாணவன் கல்லூரிக்கு வரவேண்டாம், கல்லூரி அவன் ஊருக்குப் போகட்டும். பெங்களூரில் 1971-ல் 'டாஃப்டீ' இதைத் தொடங்கியது. வீட்டில் பாடம், வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது. பிழைப்பை விடவேண்டாம். எனக்கு இந்த முறை பிடிக்கிறது. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புக பாணிப் பாடம், புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வருகிறவளுக்குப் பதில் சொல்லக் கற்றுத்தராது. அந்த வாராந்திரக் கூட்டம்தான் உயிர். அதை விட்டால் வெறும் தபால் கோர்ஸ்.

இன்னொன்று. 'சொந்த சமூகத்துக்குள்ளேயே பயிற்சி' என்பது கேட்க இனிக்கிறது. தமிழ்நாட்டில் சமூகம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொந்தத் தெருவிலேயே, சொந்த ஜனத்திடமே படித்தவரை யார் மறுத்துப் பேசுவார்கள்? செமினரி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரனாவது பேசுவான். மதுரை அரசரடியில் 1969 முதல் நடக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம், அப்படிப்பட்ட பக்கத்துக் கட்டிலும் கிடைக்கும். முடிச்சூர் குழுவில் குரோம்பேட்டைக்காரரும் பெருங்களத்தூர்க்காரரும், வேறு வேறு ஜாதிக்காரர்களும் உட்காரவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கையில்லை.

போன வாரம் சுவிட்ச் மாற்ற அவரே மறுபடி வந்தார். "சபைக் கணக்கை யார் பாக்கறாங்க?" என்றேன்.

"நான்தான் சார்."

"செக் பண்றது?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நான்தான். நீங்க பி.காம்.தானே சார், ஒருநாள் வந்து சொல்லிக் குடுங்களேன்."

வருகிற சனிக்கிழமை போகிறேன்.