தகுதியைத் தேர்வோர் யார்?

கலைஞனுக்குப் பொருள் வழங்குவது எளிது. எக்கலைஞனுக்கு வழங்குவது எனத் தீர்மானிப்பதே அரிது. வழங்கும் பொருள் மக்களின் வரிப்பணமாயின் அப்பொறுப்பு பன்மடங்காகிறது. அப்பொருள் தீர்மானிப்பவருக்கு உரியதன்று; அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இப்பொறுப்பினை அமெரிக்க நாடு யாரிடம் கொடுத்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1965 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தேசியக் கலை நல்கை நிறுவனத்தைத் தோற்றுவித்தது. உதவி வேண்டிவரும் விண்ணப்பங்களை வெளியிலிருந்து அமர்த்தப்படும் மதிப்பீட்டுக் குழுவினர் ஆராய்வர். அவர்தம் பரிந்துரை தேசியக் கலை மன்றத்திற்குச் செல்லும். இறுதி முடிவு தலைவருடையது. குழுவில் பணியாற்ற விரும்புவோர் தாமே முன்வந்து பெயர் கொடுக்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளது.

1989 ஆம் ஆண்டில், இந்நிறுவனத்தின் உதவி பெற்ற சில புகைப்படப் படைப்புகள் பெரும் கண்டனத்திற்கு உள்ளாயின. அதன் விளைவாக 1990 இல் சட்டம் திருத்தப்பட்டது. கலையைத் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் கலையறிவுடைய பொதுமக்களும் குழுவில் இடம்பெற வேண்டும். விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்போர் அவ்விண்ணப்பத்தை ஆராயும் குழுவில் அமரலாகாது. தொடர்ந்து மூன்றாண்டுகளுக்கு மேல் எவரும் நீடிக்கலாகாது. குழுவின் விவாதங்களும் பரிந்துரைகளும் சுருக்கமாக எழுத்தில் பதிவாக வேண்டும் என அது விதித்தது. பொதுவான கண்ணியத்தையும் மக்களின் பல்வேறு நம்பிக்கைகளையும் கருத்திற் கொள்க என்ற வாசகமும் சேர்ந்தது.

இவ்வாசகத்தை எதிர்த்துக் கலைஞர் சிலர் வழக்காடினர். 1998 இல் உச்ச நீதிமன்றம் எண்மருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் வாசகம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. நிறுவனமோ, பல திறத்தாரையும் குழுவில் அமர்த்துவதன் வாயிலாகவே அதனை நிறைவேற்றி வந்தது. கண்ணியம் எதுவென ஏட்டில் வரையறுப்பதினும், அதனை உணரக்கூடிய பலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துவது அறிவுடைமை என்றே நாம் கருதுகிறோம்.

எனினும், அமர்த்திவிட்டால் மட்டும் போதுமா? கலைஞர் நடுவே அமரும் பொதுமகனுக்கு இரு தவறுகள் நேரக்கூடும். வல்லுநர் சொல்லுக்கு அஞ்சி வாய்மூடி இருத்தல் ஒன்று; தனக்குப் பிடிக்காததைத் தரமற்றதென ஒதுக்கிவிடுதல் மற்றொன்று. வல்லுநருக்கும் ஒரு தவறு உண்டு. விண்ணப்பித்தவரைச் சட்டம் விலக்கிவிடும். நட்பையும் பகையையும் எச்சட்டம் விலக்க இயலும்? இவையனைத்திற்கும் மருந்து ஒன்றே: கூறும் முடிவுக்குக் காரணம் கூறுதல்.

அரபு இலக்கியம் பயின்றோர் உக்காள் சந்தையை அறிவர். அங்கே சிவந்த தோற்கூடாரத்தில் நாபிகா அமர்ந்திருக்க, கவிஞர்கள் தம் பாக்களை அவர் முன் பாடிக் காட்டினர் என்பர். ஹஸ்ஸான் இப்னு தாபித் தம் குலப்பெருமையைப் பாடியபோது, மிகுதியைப் புகழ வேண்டிய இடத்தில் சிறு தொகையைக் குறிக்கும் பன்மைச் சொற்களை ஆண்டுவிட்டீர் என அவர் குறை கூறினாராம். ஹஸ்ஸான் அத்தீர்ப்பை விரும்பவில்லை. ஆயினும் சொல் இன்னது, குறை இன்னது என அவர் முன் வைக்கப்பட்டது. அதனாலன்றோ அத்தீர்ப்பு சரியா தவறா என இலக்கணிகள் பிற்காலத்தும் வாதிட முடிந்தது! காரணமற்ற தீர்ப்பாயின் வாதிடுவதற்கு என்ன எஞ்சியிருக்கும்?

ஆகவே, பிறர் படைப்பை மதிப்பிட முன்வருவோர் தம் புலமையை நிறுத்துப் பார்ப்பதோடு அமையலாகாது. விண்ணப்பத்தை முழுதும் படிக்கும் பொறுமை உண்டா, மறுக்கும் காரணத்தை மறுக்கப்பட்டவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு உண்டா எனவும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதார் அவ்விருக்கையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தலே அமானிதத்தைப் பேணுதலாகும்.