கடைசி பெஞ்சும் ஆட்லரும்

ராமநாதபுரம் சீமையில் பள்ளி மேடை ஏறும் யாரும் அப்துல் கலாமைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன், செய்தித்தாள் போட்ட சிறுவன், குடியரசுத் தலைவரானார். நீயும் முயன்றால் முடியும். இந்தப் பேச்சின் வேர், சொல்பவர் அறியாமலே, ஆல்ஃபிரட் ஆட்லரின் உளவியலில் இருக்கிறது.

வியன்னாவில் 1870-இல் பிறந்து ரிக்கெட்ஸ் நோயோடு வளர்ந்தவர் ஆட்லர். தாழ்வுணர்ச்சி எல்லாக் குழந்தைக்கும் இயல்பு, அதை ஈடுகட்டும் முயற்சியில்தான் ஆளுமை உருவாகிறது என்றார். பழைய காயத்தைவிட மனிதன் எட்ட நினைக்கும் இலக்கே அவனை நடத்துகிறது என்ற அவர் பார்வை, வறண்ட மண்ணின் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெம்பு தரும். விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து தவறிய கலாம், 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் வெற்றியைக் கண்டார். ஆட்லருக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை கிடைக்காது.

அந்தப் பொருத்தம்தான் என்னை உறுத்துகிறது. சாதித்தவனுக்கும் தாழ்வுணர்ச்சி காரணம், ஒடுங்கிப்போனவனுக்கும் அதுவே காரணம் என்றால் கோட்பாடு எதைத்தான் விளக்குகிறது? இளமையில் ஆட்லரோடு பணியாற்றிய தத்துவவாதி கார்ல் பாப்பரும் இதே குறையைத்தான் சுட்டினார்.

நம் மேடைப் பேச்சின் குறை இதனினும் பெரிது. ஐந்தாம் வகுப்பில், கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த கலாமை, புதிதாக வந்த ஆசிரியர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அந்தத் தாழ்வு பிள்ளையின் மனதில் தானாக முளைத்ததல்ல, ஒரு பெரியவர் ஊன்றியது. அதைப் பிடுங்கியதும் பிள்ளையின் விடாமுயற்சி அல்ல. குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், மனைவியின் மறுப்பை மீறி, கலாமைத் தம் வீட்டில் உட்காரவைத்துத் தம் கையால் சோறு பரிமாறினார். இவர்கள் இல்லாத கலாம் கதை பாதிக் கதை.

ஆட்லருக்கு இது தெரியும். பிறரோடு ஒன்றும் சமூக உணர்வு இல்லாத முயற்சி வெறும் மேலாதிக்க ஆசையாகிவிடும் என்று எச்சரித்தார். முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாப் பள்ளிகளில் அவர் தொடங்கிய ஆலோசனை நிலையங்களில் பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து கேட்டார்கள். நாம் அவரிடமிருந்து முயற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் முழுச் சுமையையும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். தோற்றால் பழியும் அதன் மேல்தான்.

ஆசிரியர்களே, அடுத்த முறை கலாம் கதையை மாணவர்களிடம் சொல்லும் முன், உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுங்கள். அந்தக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்.